வேலியைத் தாண்டிய பந்து

ஹொல்ஸ்டெப்ரோ
07.02.1988

யேசுவின் இரக்கம் நம் வீட்டில் தங்குவதாக.

அன்பின் அமலாவுக்கு,

உமது தை மாதக் கடிதம் வந்து சேர்ந்தது. நீரும் பிள்ளையும் அப்புவும் சுகம் என்ற வரியைத் தேடி முதலில் வாசித்தேன். மிச்சத்தை வேலையால் வந்து குளித்துவிட்டு ஆறுதலாக வாசித்தேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. இறைச்சித் தொழிற்சாலையின் குளிர் அறைக்குள் நின்று வெட்டுவதால் மாலையில் விரல்கள் பேனை பிடிக்க மறுக்கின்றன. எழுத்து கோணலாக இருந்தால் குடித்துவிட்டு எழுதியதாக அப்புவிடம் சொல்லிவிடாதேயும், பெத்த தகப்பன் நம்பிவிடுவார்.

நீங்கள் இருவரும் இங்கே வருவதற்குப் போட்ட விண்ணப்பத்தைப் பற்றிப் போன கிழமையும் போய்க் கேட்டேன். காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்கிறேன்.

வேறு புதினம் என்றால், எங்களுக்கு விளையாட ஒரு மண்டபம் கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஊரில் கடையும் இல்லை, சனமும் இல்லை. பூசைக்குப் போய் வந்தால் பிறகு கட்டிலும் சுவரும்தான். என் அறையில் இருக்கும் டெனிஸ்ரன் வொலிபோல் அடிக்க ஒரு கரப்பந்து வாங்கி வந்தான். இந்தப் பனிக்குள் எங்கே விளையாடுவது? ஊர் விளையாட்டுக் கழகத்தின் மண்டபக் கண்ணாடியால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே இருந்து ஒரு மனிதர் வந்து கதவைத் திறந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரச்சொல்லிக் கையால் காட்டினார்.

பெயர் றூடி. டெனிஷ்காரர் அல்ல, ஜேர்மன்காரர். எங்கள் தொழிற்சாலையில்தான் வேலை செய்து முதுகு பழுதாகி நின்றுவிட்டாராம். தனி மனிதர். கழகக் கதவைப் பூட்டித் திறக்கிற திறப்பு அவரிடம் இருக்கிறது. எங்கே ஒரு பந்து உருண்டாலும் அங்கே போய் நிற்பார். பெண்களின் ஹாண்ட்போல் கைப்பந்தாட்டம், சைக்கிள் ஓட்டம், ஓய்வூதியக்காரரின் தேகப்பயிற்சி, எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருப்பார். ஆனால் விளையாட மட்டும் வராது. சேர்வ் போட்டால் பந்து வலைக்குக் கீழால் போகும். நாங்கள் நம் ஊர் ஓவர் கேம் விளையாடுவதைப் பார்த்து, பந்தை எடுத்துக் கொடுத்து விளையாடாமல் ஒரே அடியில் அந்தப் பக்கம் தள்ளுகிறீர்களே, இது என்ன விளையாட்டு என்று தலையில் கை வைத்தார். இப்போது அவருக்கும் அதுதான் வேண்டுமாம்.

பிள்ளையின் இருமல் எப்படி? எழுதும்.

உம்மை நினைத்தபடி,
லோரன்ஸ்


இளவாலை
20.03.1988

அன்புள்ள அத்தானுக்கு,

மாதாவின் காவலில் நாங்கள் மூவரும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று செபமாலை சொல்கிறேன். இருமல் போய்விட்டது. அப்பு பின்னேரங்களில் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு டென்மார்க் என்று சொல்லுகிறார்களா என்று பார்க்கிறார். ஒரு நாளும் சொல்வதில்லை.

உங்கள் கடிதத்தில் எங்கள் விசா அலுவலைப் பற்றி மூன்றே வசனம். ஜேர்மன்காரரைப் பற்றி ஒரு பக்கம். நான் கல்யாணம் செய்தது ஆரை என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த மனிதர் நல்லவராக இருக்கட்டும், நான் குறை சொல்லவில்லை. எங்கள் பேப்பர் எந்த மேசையில் கிடக்கிறது என்பதையும் ஒரு வரி எழுதினால் நல்லது.

இங்கே நம் வீட்டுக்கு இப்போது "வெளிநாட்டுக்காரன் வீடு" என்று பெயர் வந்திருக்கிறது. துவக்கோடு திரிகிறவர்கள் இரண்டு தரம் படலையில் வந்து நின்று காசு கேட்டார்கள். முதல் தரம் அப்பு கதைத்து அனுப்பினார். இரண்டாம் தரம் உள்ளே வந்து இருந்துவிட்டார்கள். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, நீங்கள் யோசிக்க வேண்டாம்.

அன்புடன்,
அமலராணி

அப்பா, எனக்கு முன் பல் விழுந்துவிட்டது. கூரையில் எறிந்தோம். ஸ்ரெபானி.


ஹொல்ஸ்டெப்ரோ
19.06.1988

அன்பின் அமலா,

கர்த்தர் உங்கள் மூவரையும் படலைக்கு உள்ளேயும் வெளியேயும் காப்பாராக. எனக்குச் சுகம். யோசிக்க வேண்டாம் என்று நீர் எழுதிய வசனத்தைத்தான் இத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன். பதில் பிந்தியதற்கு வேறு காரணம் இல்லை.

மறுபடி போனேன். கோப்பு கொப்பன்ஹேகனில் இருக்கிறதாம். எந்த மேசை என்று கேட்டேன். அந்தப் பெண் நல்ல மாதிரி, சிரித்தாள், தெரியாது என்றாள். முன்னர் விண்ணப்பித்த எங்கள் ஆட்களில் ஒருவருக்குக்கூடப் பதில் வரவில்லை.

மற்றக் கதையை எழுதினால் கோபிப்பீர். ஆனால் எழுதுவதற்கு என்னிடம் வேறு கதை இல்லையே. போன கிழமை ஐரோப்பியக் கிண்ணத்தில் டென்மார்க்கும் மேற்கு ஜேர்மனியும் மோதின. றூடி எங்கள் அறைக்கு வந்து தொலைக்காட்சியில் பார்த்தார். நாங்கள் டென்மார்க்குக்குத் தொண்டை கிழியக் கத்தினோம். யன்னலைத் திறந்துவைத்துக் கத்தினோம், அயலட்டை கேட்கட்டும் என்று. ஜேர்மனி இரண்டு கோல் போட்டு வென்றது. றூடி இரண்டுக்கும் கை தட்டவில்லை, துக்கப்படவும் இல்லை. டெனிஸ்ரன் விடவில்லை, நீர் எந்தப் பக்கம் என்று நெருக்கிக் கேட்டான். அவர், "நான் பந்தின்ரை பக்கம்" என்றார்.

அதற்குப் பிறகுதான் தன் கதையைச் சொன்னார். அவர் பிறந்த ஊர் கோனிஸ்பேர்க், அப்போது ஜேர்மனி, இப்போது ரஷ்யாவின் கையில். உலகச் சண்டை முடிகிற காலத்தில், பதினாறு வயதில், தாயோடு கப்பலேறி டென்மார்க்குக்கு ஓடிவந்தாராம். அப்படி இரண்டு லட்சம் பேர் வந்தார்களாம். சண்டையில் நாட்டைப் பிடித்து வைத்திருந்தவர்கள் என்று, இந்த டெனிஷ் சனத்துக்கு ஜேர்மன்காரர் என்றாலே வேப்பங்காய். எல்லாரையும் முகாமில் போட்டு முள்ளுக்கம்பி அடித்துவிட்டார்கள். வெளியே இருக்கிறவர்கள் உள்ளே இருக்கிறவர்களோடு கதைக்கக் கூடாது என்று சட்டம். தாய் முகாமிலேயே நோயில் போய்விட்டா. இவர் பழந்துணியைச் சுருட்டிப் பந்து கட்டி விளையாடியிருக்கிறார். பந்து சில வேளை வேலியைத் தாண்டி விழும். அப்பால் தெருவில் போகிற டெனிஷ்காரர் எவரும் முகம் பார்க்க மாட்டார்களாம், ஒரு சொல்லும் சொல்ல மாட்டார்களாம். ஆனால் பந்தை எடுத்துத் திருப்பி எறிந்துவிட்டுப் போவார்களாம். ஒரு தரமும் பந்து வராமல் விட்டதில்லை என்றார். அப்போது பிடித்த பைத்தியம்தான் இது, இன்னும் தெளியவில்லை என்று சிரித்தார்.

எங்களையும் இங்கே வந்த புதிதில் முகாமில்தான் வைத்திருந்தார்கள் என்பது உமக்குத் தெரியும். கம்பி இல்லை, சாப்பாடு நல்லது. இருந்தாலும் அந்தக் கதையைக் கேட்டபின் எனக்கு நித்திரை வரவில்லை.

அப்பு எப்படி? காலுக்கு எண்ணெய் பூசச் சொல்லும்.

உமது,
லோரன்ஸ்


இளவாலை
24.07.1988

அன்புள்ள அத்தானுக்கு,

சுகமாக இருக்கிறோம் என்று எழுத வேண்டும், ஆகவே எழுதுகிறேன்.

பவளராணியை நினைவிருக்கிறதா, நம் கோயிலடியில் இருந்தவ, அவவின் மனிசன் அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிறார். அவவும் எங்களைப் போல விசாவுக்குக் காத்திருந்தவ. போன கிழமை சந்தைக்குப் போன இடத்தில் வெடி நடந்தது. அவ இனிக் காத்திருக்கத் தேவையில்லை. அவவின் மனிசன் உங்களுக்குக் கிட்டவா இருக்கிறார்? ஆராவது ஒருவர் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தால் நல்லது.

கேட்டு வருகிறவர்கள் மறுபடி வந்தார்கள். இம்முறை பகலிலேயே வந்தார்கள். வெளிநாட்டுக்காரர் உழைக்கிறது ஆருக்கு என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் வீடு பெரிதாக இருக்கிறது, அறை ஒன்றைத் தரலாமே என்றான். அவன் அப்புவைப் பார்த்துக் கதைக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கதைத்தான். அத்தான், எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

அமலராணி

அப்பா, அந்த மாமாவின் பந்தை எப்போதும் திருப்பித் தந்தவையா? ஒருக்காலும் ஒளிக்கவில்லையா? ஸ்ரெபானி.


ஹொல்ஸ்டெப்ரோ
16.10.1988

அன்பின் அமலா,

தேவன் உங்களைக் கைவிடாதிருப்பாராக. பவளராணியின் கணவரிடம் போய் இரண்டு நாள் தங்கி வந்தேன். சமைத்தேன், அவர் சாப்பிட்டார். வேறென்ன செய்வது. பிறகு உமக்கு எழுத இருந்த போதெல்லாம் பேனை நகரவில்லை.

இப்போது இன்னொரு செத்தவீடு. றூடி இந்த மாதத் தொடக்கத்தில் காலமாகிவிட்டார். மண்டபத்தில், பெண்களின் கைப்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்த வாங்கிலேயே சரிந்துவிட்டார். ஆட்டம் முடிந்தபின்தான் கண்டார்களாம். நல்ல சாவு என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அவருக்கு ஒருவரும் இல்லை. பெட்டியைத் தூக்கியது நாங்கள், தமிழ்ப் பெடியள்தான். கழகத்து ஆட்கள் சிலர் வந்தார்கள். பாதிரியார் நல்லபடி செபித்தார். பிறகு ஒரு அறையில் கோப்பியும் பணிஸும் தந்தார்கள். காலநிலையைப் பற்றிக் கதைத்தார்கள். ஒருவரும் அழவில்லை, அமலா. கெட்ட மனிதர் என்று நினைக்க வேண்டாம், இவர்களின் வழக்கம் அப்படி. எனக்கும் அந்த இடத்தில் அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது. நம் ஊரில் என்றால் தூரத்துச் சொந்தம் ஒன்று வந்து படலையிலேயே ஒப்பாரியைத் தொடங்கியிருக்கும்.

உறவு இல்லாதபடியால் சாம்பலைப் பொதுப் புல்தரைக்குக் கீழே வைத்துவிட்டார்கள். கல் இல்லை, பெயர் இல்லை. புல் வெட்டுகிற மெசின் அதற்கு மேலால் போய் வருகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனவே நாங்கள் கூடிக் கதைத்து, நம் முறைப்படி ஒரு கண்ணீர் அஞ்சலி நோட்டீசும், வாழ்க்கை வரலாற்றோடு ஒரு சின்ன நினைவு மலரும் அடிக்க முடிவெடுத்தோம். இங்கே தமிழ் அச்சகம் இல்லை. நீர் நம் ஊர் அச்சகத்து நிக்கலஸ் அண்ணையிடம் கொடுத்து அடிப்பியும். என்னோடு கரப்பந்து விளையாடியவர், என் பெயரைச் சொன்னால் செய்வார். நோட்டீசுக்கு எழுதியதும் மலருக்கு எழுதியதும் இதோடு தனித்தனியாக வைத்திருக்கிறேன். எங்கள் குழுப்படமும் இருக்கிறது. அதில் றூடி ஆர் என்று குறி போடவில்லை. ஒரே ஒரு வெள்ளைக்காரர், பார்த்தவுடன் தெரியும்.

மலரில் எழுதாமல் விடலாமா என்று நான் யோசித்த ஒரு விஷயத்தையும் எழுதியிருக்கிறேன். முகாமிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டபின் அவர் கிழக்கு ஜேர்மனியில் இருந்தவர். அங்கே ஒரு பெண்ணை நிச்சயம் செய்துவிட்டு, வேலைக்காக இங்கே வந்திருக்கிறார். காகிதம் சரிவந்ததும் அவவைக் கூப்பிடுவதாக இருந்தது. அதற்குள் எல்லையில் சுவர் கட்டிவிட்டார்கள். அவ வரவே இல்லை. அவர் பிறகு ஒருவரையும் கட்டவும் இல்லை. அவவின் படம் சுவரில் இருந்தது. நான் கேட்டேன், எப்போது நம்பிக்கையை விட்டனீர் என்று. "ஆர் விட்டது?" என்று கேட்டார்.

நம் அலுவலில் ஒரு மாற்றமும் இல்லை. நான் வேறொன்றும் எழுதப் போவதில்லை.

லோரன்ஸ்


இளவாலை
27.11.1988

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லாரும் சுகம். உங்கள் சுகத்துக்கு மன்றாடுகிறேன்.

நீங்கள் அனுப்பியவை கிடைத்தன. நோட்டீசு அடித்தாகிவிட்டது. மலர் பிந்தும்.

இனிமேல் கடிதங்களைக் கொழும்பில் சுசீலாதேவி அக்காவின் முகவரிக்கு அனுப்புங்கள். ஆட்கள் வரும்போது கொடுத்துவிடுவா. கடித உறையில் அனுப்புபவர் என்று உங்கள் பெயரைப் போட வேண்டாம். றூடியின் பெயரைப் போடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். இங்கே காகிதத்தில் எழுதக்கூடியதும் இருக்கிறது, எழுத ஏலாததும் இருக்கிறது.

கேட்டு வருகிறவர்கள் இப்போது வருவதில்லை. அதை மட்டும் நம்புங்கள்.

அமலராணி


ஹொல்ஸ்டெப்ரோ
18.12.1988

அன்பின் அமலா,

பாலன் பிறப்பின் சமாதானம் உங்களுக்கு வருவதாக. நான் இருக்கிறேன்.

நீர் சொன்னபடி உறையில் செத்த மனிதரின் பெயரை எழுதிவிட்டேன். தபால் கந்தோரில் இருக்கும் பெண் றூடியை அறிந்தவள், என்னை ஏறிட்டுப் பார்த்தாள். ஏன் என்று கேட்காமல் இருக்கச் சொல்கிறீர். சரி. ஆனால் இங்கே இருட்டு, அமலா. காலையில் வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. இந்த இருட்டுக்குள் ஒரு மனிதன் எதைத்தான் நினைக்க மாட்டான்? உமக்கு என் பெயர் வேண்டாமல் போய்விட்டதா? அப்படியென்றால் நேராகவே எழுதும். தாங்குவேன்.

இன்னொன்று. பிள்ளை ஏன் கடைசியில் ஒன்றும் எழுதவில்லை? ஒவ்வொரு கடிதத்திலும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பேன். பார்த்தேன், வெறுமையாக இருந்தது. பிழையாகப் பிடித்துவிட்டேனோ என்று தாளைத் திருப்பியும் பார்த்தேன்.

மலர் வந்தால் நத்தாருக்கு முன் கழகத்தில் கொடுக்கலாம் என்று இருந்தோம். பரவாயில்லை.

லோரன்ஸ்


இளவாலை
15.01.1989

அன்புள்ள அத்தானுக்கு,

புது வருடம் உங்களுக்கு நன்மையாக அமையட்டும். அப்பு சுகம். பிள்ளை சுகம், பள்ளிக்கூடம் போகிறாள், சாப்பிடுகிறாள். எழுதச் சொன்னேன், எழுதவில்லை. வற்புறுத்தவில்லை.

உங்கள் பெயர் எனக்கு வேண்டாமல் போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். நான் அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். அப்படி ஒரு கேள்வியை வீட்டில் வைத்திருக்க ஏலாது. கோபத்தில் போடவில்லை.

மண்டபத்துக்குப் போகிறீர்களா? போங்கள். அறைக்குள் இருக்காதீர்கள்.

அமலராணி


ஹொல்ஸ்டெப்ரோ
26.02.1989

அன்பின் அமலா,

கர்த்தருக்குத் தோத்திரம்.

அனுமதி வந்துவிட்டது. உமக்கும் பிள்ளைக்கும். கோப்புகள் மறுபடி அசையத் தொடங்கியிருக்கின்றன. இவ்வளவு காலம் ஏன் அசையவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தாளைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டினேன். அல்பர்ட்ஸ்லுண்டுக்கு மட்டும் சொல்லவில்லை. பவளராணியின் மனிசனுக்கு எந்த வாயால் சொல்வது?

பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கொழும்புக்கு வாரும். அப்புவை அத்தை வீட்டில் விட ஒழுங்கு செய்யும். அவரையும் கூப்பிட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதை நீர்தான் அவருக்குச் சொல்ல வேண்டும், என்னால் எழுத முடியவில்லை.

நீர் என்னிடம் ஏதோ மறைக்கிறீர் என்று தெரியும். என்னவானாலும் வாரும். இதையும் றூடியின் பெயரில்தான் அனுப்புகிறேன். எனக்கு இப்போது பழகிவிட்டது. நான் எந்தப் பெயரில் இருந்தாலும் நீர் வந்தால் போதும்.

லோரன்ஸ்


கொட்டாஞ்சேனை, கொழும்பு
09.04.1989

என் அன்பு அத்தானுக்கு,

உயிர்த்த யேசுவின் பெயரால் வாழ்த்துகிறேன். நானும் பிள்ளையும் சுசீலாதேவி அக்கா வீட்டில் பத்திரமாக இருக்கிறோம். விசா குத்தியாகிவிட்டது. மே மாதத்தில் பறப்பு. ஒளிக்காமல் எழுதக்கூடிய இடத்துக்கு வந்துவிட்டேன். நாங்கள் வந்து இறங்குமுன் நீங்கள் இதை வாசித்துவிட வேண்டும்.

அத்தான், உங்களுக்கு இளவாலையில் செத்தவீடு நடந்தது.

நோட்டீசுத் தாளையும் படத்தையும் கொண்டு அச்சகத்துக்குப் போனேன். பூட்டியிருந்தது. மலருக்கு எழுதியதைத் திருத்தி எழுதிப் பிறகு கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் ஒரு உறையில் போட்டு என் பெயரை எழுதிக் கதவிடுக்கால் உள்ளே தள்ளிவிட்டு வந்தேன். அன்று பின்னேரம் ஊரடங்கு போட்டுவிட்டார்கள். நிக்கலஸ் அண்ணை உள்ளே இருந்து உறையைத் திறந்திருக்கிறார். டென்மார்க், ஹொல்ஸ்டெப்ரோ, விளையாட்டுக்காரர், காலமானார். படத்தில் நடுவில் பந்தோடு இருப்பது நீங்கள். இளவாலையில் ஒரு வெள்ளைக்காரனுக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்க வரும் என்று அந்த மனிதர் கனவிலும் நினைப்பாரா? றூடி என்பது அங்கே உங்களுக்கு வைத்த செல்லப்பெயர் என்று நினைத்து, "லோரன்ஸ் (றூடி)" என்று தானே திருத்தி, அழுது அழுது எழுத்துக் கோத்து, ஊரடங்கு தளர்ந்த உடனே சந்தி சந்தியாக ஒட்டிவிட்டார். நான் படலையைத் திறக்க முன்னர் தெருவே வீட்டு வாசலில் நின்றது.

நான் கத்தினேன், அது அவர் இல்லை என்று கத்தினேன். துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று பெண்கள் என்னைப் பிடித்து இருத்தினார்கள். பிறகு நிதானத்துக்கு வந்து, நோட்டீசைக் கிழிக்க நானே சந்திக்குப் போனேன். அங்கே அவர்கள் நின்றார்கள், கேட்டு வருகிறவர்கள். அறை கேட்டவன் நோட்டீசை வாசித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் விலகி வழி விட்டான். "அக்கா, வீட்டை போங்கோ, இனி உங்களை ஒருத்தரும் கரைச்சல்படுத்த மாட்டினம்" என்றான். நான் கிழிக்கவில்லை. திரும்பி வந்து கறுப்புச் சீலை உடுத்தேன்.

இதுதான் நான் செய்தது. அப்புவுக்கு மட்டும் சொன்னேன். சுவாமியாருக்குப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு, "செத்தவர் ஒருவர் இருக்கிறார்தானே, அவருக்குப் பூசை வைப்பம்" என்றார். மரித்தோர் மாதமான அந்த நவம்பரில், ஒரு சனிக்கிழமை, டென்மார்க்கில் மரித்த சகோதரருக்காக என்று சொல்லிப் பெயர் குறிக்காமல் பூசை வைத்தார்.

அந்தப் பூசையில் நீங்கள் மலருக்கு எழுதிய வரலாற்றை நான் வாசித்தேன். ஊர்ப்பெயர்களை மட்டும் விட்டேன். வேறொரு சொல்லும் மாற்றவில்லை. சண்டையால் பிறந்த ஊரை விட்டு ஓடினவர். அந்நியரின் முகாமில் இருந்தவர். தாயின் கல்லறையில் ஒரு பூ வைக்கக் கிடைக்காதவர். பந்தென்றால் உயிரை விடுபவர். துணையாக வர வேண்டியவள் கடைசி மட்டும் வந்து சேரவில்லை. அந்த இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அத்தான், அது நடிப்பில்லை. கோயில் முழுவதும் விம்மியது. நிக்கலஸ் அண்ணையை இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். அப்பு முன் வாங்கில் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். வீட்டுக்கு வந்து, உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எப்படி அப்படி அழ முடிந்தது என்று கேட்டேன். அப்பு கோபித்தார். "நான் அந்த ஜேர்மன்காரனுக்கு எல்லோ அழுதனான்" என்றார்.

ஆகவே றூடிக்கு ஒருவரும் அழவில்லை என்று இனி எழுதாதீர்கள். முகத்தைத்தான் மாற்றி வைத்து அழுதார்கள். அழுதது அவரின் வாழ்க்கைக்குத்தான்.

மலரை இங்கே கொழும்பில் அடித்துவிட்டேன். அவரின் முகம், அவரின் பெயர், கோனிஸ்பேர்க், எல்லாம் சரியாக இருக்கிறது. உறவினர் பெயர் போடும் இடத்தைக் காலியாக விடக் கூடாது என்று அச்சுக்காரர் நின்றார். லோரன்ஸின் அன்புத் தமையன், அமலராணியின் மைத்துனர், ஸ்ரெபானியின் பெரியப்பா என்று போடுவித்தேன். பிழையா?

அப்பு அத்தை வீட்டில். அவருக்கு அங்கே வர அனுமதி இல்லை என்று சொன்னபோது, தான் எப்படியும் செத்தவனின் தகப்பன்தானே, ஊருக்குப் பழகிவிட்டது என்றார். பகிடியாகத்தான் சொன்னார். வழியனுப்ப வரவில்லை.

கடைசியாக, உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒன்று. பிள்ளைக்கு நான் சொல்லவில்லை. ஆறு வயது, பள்ளிக்கூடத்தில் வாய் தவறினால் எல்லாம் போச்சு. அதனால் அவளுக்கும் நீங்கள் செத்துப்போனீர்கள். அதுதான் அவள் எழுதவில்லை. இத்தனை மாதம் என் கண்ணுக்கு முன்னால் உங்களுக்காக மெழுகுதிரி கொளுத்தினாள், நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். இதற்கு எந்தச் சுவாமியார் பாவமன்னிப்புத் தந்தாலும் எனக்கு ஆறாது.

இங்கே வந்தபின் சொல்லிவிட்டேன். நம்பவில்லை. செத்தவீட்டுக்குப் பிறகு வந்த உங்கள் கடிதங்களைக் காட்டினேன், உறையில் றூடி என்று இருக்கிறதே என்றாள். போன் எடுத்துத் தரட்டா என்றேன். "அப்பாவின்ரை குரல் எனக்குத் தெரியாதே" என்றாள். நீங்கள் போகும்போது அவளுக்கு மூன்று வயதுகூட இல்லை. மலரை முழுவதும் எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு தானே பேனை கேட்டாள். அவள் எழுதியதை நான் திருத்தவில்லை.

உங்கள் அமலா

நீங்கள் மெய்யாக அப்பா என்றால் பிளேன் வாற இடத்துக்கு ஒரு பந்து கொண்டு வாங்கோ. கிட்ட வர வேண்டாம். நான் அம்மாவோடு தள்ளி நிற்பேன். பந்தை எனக்கு எறியுங்கோ. நான் திருப்பி எறிவேன். ஸ்ரெபானி.